நான்கு இறகிழைகளும் ஒரு செம்புக் கம்பியும்: டிரவுட் மீனுக்கு ஃப்ளை கட்டுதல், ஓர் அறிமுகம்

கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்தால் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சிறிய தூண்டில் முள் ஒன்று. அதன் தண்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிற இறகிழைகள். இழைகளுக்கு நடுவே ஆங்காங்கே மின்னும் செம்புக் கம்பி. பின்னால் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு மெல்லிய நுனிகள். கண் இல்லை, கால் இல்லை, இறக்கையும் இல்லை. மேசைமேல் கிடக்கும்போது இதை யாரும் பூச்சி என்று சொல்ல மாட்டார்கள். ஓடும் நீரில் விட்டால், எதையும் எளிதில் நம்பாத டிரவுட் மீன் இதைப் பூச்சி என்றே எண்ணி வாயில் வாங்கிக்கொள்கிறது.

இதன் பெயர் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் என்பவர் உருவாக்கியது. ஃப்ளை கட்டப் பழக விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரும் இன்னொன்றை நான் கட்டியதில்லை.

ஃப்ளை என்ற சொல்லுக்கு ஈ என்று பொருள். மீன்பிடிப்பவர்களின் வழக்கில் அது இன்னும் விரிந்தது: இறகு, முடி, நூல், கம்பி ஆகியவற்றைக் கொண்டு தூண்டில் முள்ளின் மேல் கட்டப்படும் பூச்சிப் போலி எதுவானாலும் ஃப்ளைதான். நம் ஊர்க் குளங்களில் மண்புழுவை முள்ளில் கோத்துத் தூண்டில் போடுகிறோம். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட்டின் அன்றாட உணவோ மிகச் சிறிய நீர்ப்பூச்சிகள். அவற்றில் பல அரை அங்குல நீளம்கூட இருக்காது. விரலால் எடுத்தாலே நசுங்கிவிடும். அவற்றை முள்ளில் கோக்க வழியில்லை. ஆகவே முள்ளையே பூச்சியாக்கிவிடும் வழக்கம் பிறந்தது. வழக்கம் பழையது: கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டி, புள்ளிகள் கொண்ட மீன்களைப் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார்.

டிரவுட் நமக்கு முற்றிலும் அறிமுகமில்லாத மீனும் அல்ல. ஆங்கிலேயர்கள் அதை நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென்றே ஒரு குஞ்சுப் பொரிப்பகமும் அமைத்தார்கள். ஊட்டிக்குப் போகிறவர்களில் சிலராவது அதைப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு லேசான பொருளைத் தொலைவுக்கு எப்படி வீசுவது என்று கேட்கத் தோன்றும். வீசப்படுவது ஃப்ளை அல்ல, லைன் எனப்படும் தூண்டில் கயிறு. எடையெல்லாம் அந்தத் தடித்த லைனில் இருக்கிறது. அது சாட்டைபோல் முன்னும் பின்னும் காற்றில் நீண்டு விரிய, அதன் நுனியில் உள்ள மெல்லிய நைலான் இழை ஃப்ளையைக் கூடவே கொண்டுபோய் நீரில் இறக்குகிறது. வீச்சு தனிக் கலை. இங்கே நம் வேலை மேசையில்தான்.

மேசைக்கு வருமுன் பூச்சியைப் பார்த்துவிட வேண்டும். நாம் போலி செய்யப்போவது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவத்தை. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். மேஃப்ளை வேறு வரிசையைச் சேர்ந்தது. ஆனால் சிறகு முளைத்தபின் அதிக நாள் இருப்பதில்லை என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதால், ஈசலைப் பார்த்து வளர்ந்த நமக்கு மேஃப்ளையின் கதை உடனே புரியும். சிறகு வந்த மேஃப்ளைக்கு உணவு உண்ணப் பயன்படும் வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு இறந்துபோகும். அந்தச் சிறிய அவகாசத்துக்குள் அது இன்னொரு முறை தோலும் உரிக்கிறது. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி வரிசை இது ஒன்றுதான்.

நாம் காற்றில் காண்பது அதன் வாழ்வின் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, அது ஆற்றின் அடியில் கல்லிலும் பாசியிலும் வாழ்கிறது. தட்டானின் இளம் பருவம் குளத்தில் கழிவதைப் போலத்தான். இந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். டிரவுட் தின்பதில் பெரும்பகுதி நீருக்கு அடியில் கிடைக்கும் இத்தகைய உயிர்களே. நீர்மேல் மிதக்கும் ஃப்ளை, மூழ்கும் ஃப்ளை என்று இரண்டு பெரும் பிரிவுகள் இருக்கின்றன. மூழ்கும் வகையில் முக்கியமானது நிம்ஃப்.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு தெளிவான உண்மையைத் தென் இங்கிலாந்தின் மீன்பிடி உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் மறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டும் அவரைப் பின்பற்றியவர்களும், நீர்மேல் மிதக்கும் ஃப்ளை ஒன்றே முறையானது என்ற கருத்தை வலுவாக நிலைநாட்டிவிட்டார்கள். இட்சன் ஆற்றில் மீன்பிடித்துவந்த வழக்கறிஞர் ஸ்க்யூஸ், மீன் அடியில் தின்னும்போது அடியில்தானே கொடுக்க வேண்டும் என்று நிம்ஃபுக்காக வாதாடினார். 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காக ஒரு விவாதமே நடந்தது. இன்று படிக்கும்போது ஸ்க்யூஸ் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மீனின் வயிற்றைக் கேட்டாலே பதில் கிடைத்திருக்கும்.

சாயர் இந்த விவாதங்களின் ஊரைச் சேர்ந்தவர் அல்லர். 1906இல் ஏவன் கரையிலேயே பிறந்தவர். 1928 முதல் நெதராவன் பகுதியில், படை அதிகாரிகளின் மீன்பிடி சங்கத்துக்கு உரிய நீர்ப்பகுதியில் ஆற்றுக் காவலராக வேலைபார்த்தார். நீர்ச்செடிகளை வெட்டுவது, கரையைச் சீராக்குவது, மீன்குஞ்சுகளைக் கவனிப்பது, டிரவுட்டைத் தின்னும் பைக் மீன்களை அகற்றுவது என்று அவருடைய நாள் முழுவதும் ஆற்றில்தான் கழிந்தது. அந்த ஆறும் அதற்கு ஏற்றது. சுண்ணப்பாறைக்குள் இறங்கிய மழைநீர் ஊற்றாகக் கசிந்து வருவதால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். அடியில் நிற்கும் மீனின் வாய் திறப்பதையே பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம். சாயர் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் பார்த்தார்.

ஏவனில் பேட்டிஸ் என்ற மேஃப்ளை இனங்களின் நிம்ஃப்கள் ஏராளம். அவை நீந்துவதில் கெட்டிக்காரர்கள். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பாயும்போது அவை கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்கின்றன. ஓடும் நிம்ஃபில் மீன் காண்பது முன்பக்கம் தடித்துப் பின்பக்கம் மெலியும் ஒரு சிறு உருவம், அவ்வளவுதான். அப்படியானால் கால்கள் எதற்கு? சாயர் கால்களை விட்டுவிட்டார். அதுவரை நிம்ஃப் கட்டியவர்கள் கால்களைக் காட்டச் சேவல் கழுத்திறகைச் சுற்றுவது வழக்கம். அந்த இறகு விரிந்து நின்று ஃப்ளையை மூழ்கவிடாமல் தடுக்கவும் செய்யும்.

சிறகு முளைக்கப்போகும் நிம்ஃபின் மார்புக்கு மேல் இருபுறமும் சிறகுப் பொதிகள் பருத்துக் கறுத்துவரும். அதை அவர் விடவில்லை. அந்த மார்புத் திமிலும், மெலிந்து செல்லும் வயிறும், வால் இழைகளும் போதும் என்று முடிவு செய்தார்.

அடுத்தது அவருடைய மிகச் சிறந்த யோசனை. ஃப்ளை கட்டுகிறவர்கள் பட்டு நூலால் கட்டுவார்கள். சாயர் நூலையே தூக்கிப்போட்டுவிட்டு, தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். செம்பு தண்ணீரைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தியானது. நீரைத் தொட்டதும் ஃப்ளை இறங்கிவிடும். தனியாக எடை சேர்க்க வேண்டாம், உருவமும் பருக்காது. இழைகளோடு சேர்த்து முறுக்கப்படுவதால் டிரவுட்டின் பற்களில் இழைகள் எளிதில் அறுவதில்லை. இழைகளின் இடுக்கில் தெரியும் செம்பின் நிறம், வளர்ந்த நிம்ஃபின் தோலுக்கடியில் தெரியும் செவ்வொளிக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. கட்டும் நூல், எடை, நிறம், கவசம் என நான்கு வேலைகளையும் ஒரே கம்பி செய்துவிடுகிறது. ஒவ்வொரு முறை இதைக் கட்டும்போதும் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

இனி தேவையான பொருள்கள். தூண்டில் முள்ளுக்கு எண் உண்டு; எண் கூடக் கூட முள் சிறியதாகும். பழகுவதற்கு 14ஆம் எண் நல்லது. கை தேறியபின் 16க்குப் போகலாம். முனையருகே பின்னோக்கி நீளும் எதிர்முள் இல்லாத வகையை வாங்கினால் பிடித்த மீனைக் காயமின்றித் திரும்ப விடலாம், உங்கள் விரலுக்கும் நல்லது. கம்பி 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். மோட்டார் காயில் சுற்றும் கடைகளில் இருக்குமே, அதே இனம்தான். இறகு, ஆண் ஃபெசன்ட் பறவையின் நடு வாலிறகு. ஃபெசன்ட் நம் மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த குடும்பத்துப் பறவை. இங்கிலாந்தில் வேட்டைக்காக வளர்க்கப்படுவதால் அதன் வாலிறகு அங்கே மலிவாகக் கிடைக்கும். ஓர் இறகிலிருந்து பல டஜன் ஃப்ளைகள் கட்டலாம். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் சீப்புப் பல்போல் நீளும் இழைகளில் செம்மை தூக்கலாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரங்களில் நுண்ணிய துளிர்முடிகள் தெரியும். நிம்ஃபின் வயிற்றின் இருமருங்கிலும் உள்ள செவுள்களின் மங்கலான விளிம்பை அவைதான் காட்டப்போகின்றன. இவற்றோடு முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு வைஸ், கம்பிச் சுருளைத் தாங்கும் பாபின், கூர்மையான சிறு கத்தரிக்கோல். கம்பியை வெட்டக் கத்தரியின் அடிப்பகுதியைப் பயன்படுத்துங்கள். நுனியால் வெட்டினால் ஒரே வாரத்தில் மழுங்கிப்போகும்.

முள்ளின் வளைவை வைஸில் கவ்வவிட்டு, தண்டு கிடைமட்டமாக நிற்கும்படி வைக்கவும். நைலான் கட்டும் துளைக்குக் கண் என்று பெயர். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கம்பியைத் தொடங்கி, தன்மேலேயே நான்கைந்து சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள். பிறகு முன்பக்கம் திரும்பி வந்து, தண்டின் முன் மூன்றிலொரு பங்கில் மட்டும் சில அடுக்குகள் ஏற்றுங்கள். இதுதான் மார்புத் திமில். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். பந்துபோல் உருண்டுவிடக் கூடாது. கண்ணை ஒட்டி ஒரு மில்லிமீட்டராவது வெறுமையாக விட்டுவையுங்கள். எல்லாத் தொடக்கக்காரர்களும் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள்; கடைசியில் முடிச்சுப் போட இடமில்லாமல் தவிக்கிறார்கள். திமில் முடிந்ததும் கம்பியை மீண்டும் வளைவுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இந்த நிலையிலேயே பார்த்தால், இறகே இல்லாமல் ஒரு நிம்ஃபின் உருவம் தெரியத் தொடங்கியிருக்கும். அந்த உருவம் சரியாக இருந்தால் மீதி வேலை தானாகச் சரியாகும்.

இறகிலிருந்து நான்கு இழைகளைப் பிரிக்க வேண்டும். அவற்றை இறகின் நடுத்தண்டுக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடித்தால் நுனிகள் ஒரே வரிசையில் வந்துவிடும். அப்படியே கீழ்நோக்கி உரித்தெடுங்கள். நுனிகள் வளைவுக்குப் பின்னால் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, கம்பியால் இரண்டு மூன்று சுற்று. வால் ஆயிற்று. உண்மையான நிம்ஃபுக்கு வாலிழைகள் மூன்று, மீன் எண்ணிப்பார்ப்பதில்லை.

இப்போது முக்கியமான இடம். இழைகளின் நீண்ட பகுதியையும் கம்பியையும் ஒன்றாகப் பிடித்து, விளக்குத் திரி திரிப்பதுபோல இரண்டையும் சேர்த்துத் திரிக்க வேண்டும். கம்பி உள்ளே ஓடும் ஒரு பழுப்புப் புரி கிடைக்கும். அதைக் கண் நோக்கி, இடைவெளி விடாமல், சீராகச் சுற்றிச் செல்லுங்கள். இந்தச் சுற்றில்தான் பலருக்குக் கை தடுமாறும். இறுக்கினால் இழை அறுந்துவிடுகிறது. தளர்த்தினால் வளையம் வளையமாக நழுவி வருகிறது. மல்லிகை கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் விரலிலேயே இருக்கும். காம்பு நசுங்காமல், பூ உதிராமல், நார் எவ்வளவு இறுக வேண்டுமோ அவ்வளவுதான் இங்கேயும். புத்தகத்தில் படித்து வருவதில்லை. பத்து முள் கட்டினால் வந்துவிடும்.

கண்ணருகே வந்ததும் கம்பியை இழைகளிலிருந்து பிரித்து, இழைகளைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். இழைகள் மீதி இருக்கும். கம்பியை மட்டும் மார்புத் திமிலின் பின்விளிம்புக்குச் சுற்றிக்கொண்டு செல்லுங்கள். மீதி இழைகளை முதுகின் மேலாகப் பின்னோக்கி மடித்து, அங்கே கம்பியால் கட்டுங்கள். கம்பியைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து, இழைகளையும் முன்னோக்கி மடித்துக் கண்ணுக்குப் பின்னால் கட்டுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்ததால் மார்பின் முதுகுப்புறம் மட்டும் கறுத்துப் பருத்து நிற்கும். அதுவே சிறகுப் பொதி. எஞ்சிய இழையை வெட்டிவிட்டு, கண்ணுக்குப் பின்னால் கம்பியில் மூன்று அரைமுடிச்சுகள் போட்டு, கம்பியை வெட்டினால் வேலை முடிந்தது. மெருகு பூச்சு, பசை எதுவும் வேண்டாம்.

பின்னால் வந்தவர்கள் இதில் பல மாற்றங்கள் செய்தார்கள். அமெரிக்காவின் அல் டிராத் மார்புப் பகுதிக்கு மயிலிறகின் இழையைச் சுற்றி, கால்களும் சேர்த்தார். நீரில் பச்சையும் வெண்கலமுமாக மினுக்கும் அழகான ஃப்ளை அது; இன்று கடைகளில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. கலங்கலான, வேகமான நீரில் அந்த மினுக்கு பயன்படும். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர் சாயர் கட்டியபடியே முதலில் கட்டிப் பழகட்டும் என்பேன். கூட்டுவது எப்போது வேண்டுமானாலும் வரும்.

நீருக்குள் அதை எப்படி இயக்குவது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கால் இல்லாத ஃப்ளை மீனை ஏமாற்றுவது அசைவால்தான். சாயர் மீனுக்கு முன்னால் சற்றுத் தொலைவில் நிம்ஃபை இறக்கி, மீனின் ஆழத்துக்கு மூழ்கவிடுவார். மீனருகே வரும் நேரத்தில் கோல்நுனியை மெல்ல உயர்த்துவார். நிம்ஃப் மேலெழும்பும். சிறகு முளைக்க நீர்மட்டத்தை நோக்கி நீந்தும் உண்மையான நிம்ஃபும் அப்படித்தான் எழும். தப்பிப்போகிற இரையைப் பார்த்ததும் மீன் யோசிப்பதில்லை.

இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனவர் அதே நெதராவனில் வாழ்ந்த ஆலிவர் கைட். சாயரிடம் கற்றவர். அவர் இறகையே நீக்கிவிட்டார். வெறும் முள், மார்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் செம்புக் கம்பி. அதை வைத்தே டிரவுட் பிடித்துக் காட்டினார். சரியான அளவு, முன்பக்கத் திமில், மூழ்கும் எடை, எழும்பும் அசைவு. மீன் தேடியது இந்த நான்கையும்தான். இறகைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. தயங்கி நின்று பார்க்கும் மீனிடம் இறகிழையின் மென்மை பேசும். ஆனால் வால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, ஓர் இழை பிரிந்து நிற்கிறது என்று கட்டியதைப் பிய்த்துப் போடுகிறவர்கள் கைட்டின் வெறும் முள்ளை நினைத்துக்கொண்டால் போதும்.

கட்டி முடித்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஃப்ளையைப் போடுங்கள். மூக்கு சற்றுத் தாழ்ந்து நேராக இறங்கினால் திமில் சரியான இடத்தில் இருக்கிறது. வால் முதலில் இறங்கினால் கம்பி பின்பக்கம் அதிகமாகிவிட்டது. புதிய ஃப்ளையில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் மூழ்கத் தயங்கும். விரலால் நனைத்துப் பிழிந்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். உலர்ந்தபோது செம்பழுப்பாக இருந்தது, நனைந்ததும் ஒரு படி கருமை ஏறி, ஆற்றுக் கல்லின் நிறத்துக்கு வந்திருக்கும். ஃப்ளையின் நிறத்தை உலர்ந்த நிலையில் முடிவு செய்யவே கூடாது.

அருகில் டிரவுட் ஓடை இருந்தால், கையளவு கல் ஒன்றை மெதுவாகப் புரட்டி, அதில் ஒட்டியிருக்கும் நிம்ஃபை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நீரோடு விடுங்கள். பக்கத்தில் நீங்கள் கட்டியதையும் போடுங்கள். கிட்டத்தட்ட எல்லோருடைய முதல் ஃப்ளையும் உயிருள்ளதைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். நிம்ஃபைப் பழையபடி கல்லடியில் விட்டுவிட்டு, கல்லையும் இருந்தபடியே வைத்துவிட்டு வந்து, அடுத்த முள்ளில் ஓர் இழையைக் குறைத்து மூன்று இழைகளோடு கட்டிப் பாருங்கள்.